கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஸ்டூவர்ட் தீவு வரை 14 நாள்: இந்தத் திட்டம் தேறுமா?

பொங்கோல்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்து தென்தீவு போகிறோம். நான், மனைவி, மகள் (15), மகன் (12). குவீன்ஸ்டவுனோடு திரும்பிவிடுகிற பயணம் வேண்டாம் என்று முடிவு. அதற்கும் கீழே ஃபியோர்ட்லாந்து, பிறகு கடல் தாண்டி ஸ்டூவர்ட் தீவு. அங்கே ரக்கியூரா பாதையை (32 கி.மீ.) குடில்களில் தங்கி மூன்று நாளில் நடக்க வேண்டும். விமான டிக்கெட், கார், குடில் எதுவும் இன்னும் எடுக்கவில்லை. கையில் ஆறு மாதம் இருக்கிறது.

இப்போதைக்குப் போட்டு வைத்திருப்பது:

டிச. 18: காலையில் கிறைஸ்ட்சர்ச் இறங்கி, கார் எடுத்து நேரே குவீன்ஸ்டவுன்
19–21: குவீன்ஸ்டவுன். அதில் ஒரு நாள் மில்ஃபோர்ட் சவுண்ட் (மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழையும் இடம்) போய்வருவது
22–24: தெ ஆனாவ்
25: பிளஃப் போய்க் கப்பல் ஏறுவது
26–28: ரக்கியூரா பாதை
29–30: காரிலேயே கிறைஸ்ட்சர்ச், வழியில் டெகாப்போ
31: நண்பகல் வாக்கில் சிங்கப்பூர் விமானம்

எனக்கும் பிள்ளைகளுக்கும் சிங்கப்பூர் பாஸ்போர்ட். மனைவி நிரந்தரவாசி, இந்தியப் பாஸ்போர்ட். நான்கு பேரும் சைவம். எங்கே இடிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நடைப்பித்தன்:

தம்பி, வரிசை தலைகீழாக இருக்கிறது. இந்தப் பயணத்தை வடக்கிலிருந்து தெற்காகப் போட்டால் சரிவராது. தெற்கு முனையில் இரண்டு விஷயம் உங்கள் கையில் இல்லை: குடிலில் நான்கு படுக்கை கிடைக்கும் தேதி ஒன்று, ஃபோவோ நீரிணையைக் கடக்கும் கப்பல் இன்னொன்று. அந்த இரண்டையும் முதலில் ஆணி அடித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி விமானம் வரைக்கும் வாருங்கள்.

முதலில் தேதி. டிசம்பர் 20-ஐ ஒட்டி நியூசிலாந்துக்காரர்களின் கோடை விடுமுறை தொடங்கிவிடும். தெ ஆனாவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, காருக்கு வாடகை ஏறும், ஸ்டூவர்ட் தீவின் ஒரே ஊரான ஓபனில் தங்குமிடமே கொஞ்சம்தான். அதுவும் நீங்கள் கப்பல் ஏறப் போட்டிருப்பது கிறிஸ்துமஸ் அன்று. அன்றைக்குக் கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். கப்பல் ஓடுகிறதா என்பதே முதல் கேள்வி. ஓடினாலும் வழியில் ஒரு ரொட்டி வாங்க இடம் தேட வேண்டியிருக்கும். சிங்கப்பூரில் விடுமுறை நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடுகிறதே, நவம்பர் கடைசி வாரத்தில் கிளம்புங்கள். டெகாப்போ ஏரிக்கரையில் லூப்பின் பூக்கள் நிற்பதும் அந்த நேரத்தில்தான். (அது அங்கே களைச்செடி. இயற்கைப் பாதுகாப்புத் துறைக்காரர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. படத்துக்கு மட்டும் அழகு.)

அடுத்து முதல் நாள். இரவெல்லாம் விமானத்தில் உட்கார்ந்து வந்து, குடிநுழைவு, உயிரிப் பாதுகாப்புச் சோதனை, கார் எடுப்பது எல்லாம் முடிய மதியம் ஆகிவிடும். அதற்குமேல் குவீன்ஸ்டவுனுக்கு ஏறக்குறைய 480 கி.மீ. நெடுஞ்சாலை என்றால் நம்மூர் பிஐஇ விரைவுச்சாலை மாதிரி நினைத்துவிடாதீர்கள். திசைக்கு ஒரு தடம், நடுவில் தடுப்பு கிடையாது. வேக வரம்பு 100 என்று பலகை இருக்கும், மலைப்பகுதியில் சராசரி 70 தாண்டினால் பெரிது. அங்கே நவம்பர் கடைசியில் மணி நம்மைவிட ஐந்து மணி நேரம் முன்னால். காலை 7 மணிக்கு எழுந்தால் உடம்புக்கு அது அதிகாலை 2. சுற்றுலாக்காரர்கள் வண்டியைச் சாலையோரப் பள்ளத்தில் இறக்குவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தூக்கம்தான். அன்றிரவு கிறைஸ்ட்சர்ச்சிலேயே தங்கி, சாமான் வாங்குங்கள்.

மில்ஃபோர்டை குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரே நாளில் போய்வராதீர்கள். ஒரு வழிக்கு 285 கி.மீ. சொச்சம், போக நான்கு மணி, வர நான்கு மணி. தெ ஆனாவிலிருந்து என்றால் 120 கி.மீ.தான், நிற்காமல் ஓட்டினால் இரண்டு மணி நேரம். அந்தச் சாலையில் நிற்காமல் யாராலும் ஓட்ட முடியாது, மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 7-க்கு முன் தெ ஆனாவை விட்டுக் கிளம்பினால் குவீன்ஸ்டவுன் பேருந்துக் கூட்டம் வந்து சேர்வதற்குள் படகு ஏறிவிடலாம். பெட்ரோலைத் தெ ஆனாவில் முழுசாக நிரப்புங்கள். வழிநெடுகக் கைபேசியில் பெரும்பாலும் சிக்னலே இருக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.

ஹோமர் சுரங்கம் 1.2 கி.மீ. மில்ஃபோர்ட் பக்கம் சரிவு, பத்துக்கு ஒன்று. ஆட்டோ கியர் வண்டியில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் சூடேறிவிடும், கீழ் கியரில் போட்டு இறங்குங்கள். கூட்ட நேரத்தில் ஒருவழி விளக்கு போட்டிருப்பார்கள், காத்திருக்கும்போது கேயா கிளி வரும். பச்சை இறகு, கொக்கி மாதிரி அலகு. கார் கூரையில் தத்தி இறங்கி, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையின் நுனியைக் கவ்விப் பிடித்து, வாழைநார் உரிப்பதுபோல ஒரே இழுப்பாக இழுக்கும். பிள்ளைகள் பிஸ்கட் போட்டால் அடுத்த பத்து நிமிடம் அது நகராது. தீனி போடவே கூடாது, அதன் உடம்புக்கும் கேடு.

ஒற்றைத்தடப் பாலம் நமக்குப் புதிது. பலகையில் இரண்டு அம்பு இருக்கும். நீலப் பலகையில் உங்கள் பக்கம் பெரிய வெள்ளை அம்பு, எதிர்ப்பக்கம் சின்னச் சிவப்பு அம்பு என்றால் நீங்கள் போகலாம். சிவப்பு வட்டப் பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நின்று எதிர்வண்டிக்கு விட வேண்டும். இடப்பக்க ஓட்டம்தான், சிங்கப்பூர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் தனியாக அனைத்துலக உரிமம் தேவையில்லை.

கடைசிப் பகுதிதான் பெரிய ஓட்டை. 28-ஆம் தேதி நடை முடிந்து, 29-ஆம் தேதி கப்பல், பிளஃபிலிருந்து கிறைஸ்ட்சர்ச் 600 கி.மீ., அதற்குள் டெகாப்போ. ஒரு சொட்டு இடைவெளி இல்லை. ஃபோவோ நீரிணை ஆழமில்லாத கடல், தென்பெருங்கடலின் மேற்குக் காற்று நேராக வந்து அடிக்கும் இடம். ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் காற்று மிஞ்சினால் கப்பல் நிற்கும். ஒரு நாள் நின்றால் உங்கள் சிங்கப்பூர் விமானமும் போச்சு.

இப்படி மாற்றிப் பாருங்கள். நாள் 1 கிறைஸ்ட்சர்ச். 2 டெகாப்போ (225 கி.மீ., 3 மணி). 3 காலையில் அவோராக்கி மவுண்ட் குக் கிராமம் (105 கி.மீ.), அங்கே நடந்துவிட்டு இரவு ட்வைசல். 4 லிண்டிஸ் கணவாய், குரோம்வெல், ஃபிராங்க்டன் வழியாகத் தெ ஆனாவ். இதுதான் நீளமான ஓட்டம், 370 கி.மீ. அளவு வரும், ஐந்து மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். 5 மில்ஃபோர்ட். 6 உதிரி நாள். 7 இன்வர்கார்கில், காரை அங்கேயே ஒப்படைப்பது. 8 பிளஃப், கப்பல், ஓபன். 9, 10, 11 பாதை. 11 இரவு ஓபன். 12 கப்பல் ஏறி இன்வர்கார்கில். 13 அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கிறைஸ்ட்சர்ச். 14 வீடு.

குவீன்ஸ்டவுன் இதில் காணோமே என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். இரண்டு நாள் அங்கே செலவழித்தால் தெ ஆனாவ் உதிரி நாளும், கப்பல் நின்றால் சமாளிக்க விட்ட இடைவெளியும் போய்விடும். எது வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என் கணக்கில் குவீன்ஸ்டவுனைத் தாண்டி ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போனால் போதும்.

தீவுக்குக் கார் போகாது, ஆட்கள் மட்டும்தான். காரை பிளஃபில் நிறுத்தினால் ஐந்து நாள் வாடகையும் நிறுத்தக் கட்டணமும் வீண். இன்வர்கார்கிலில் விட்டுவிட்டால் ஒருவழிக் கட்டணம் வாங்குவார்கள், இருந்தும் பெரும்பாலும் அதுதான் மலிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். அங்கிருந்து பிளஃப் 27 கி.மீ.தான்.

---

தேக்கா அக்கா:

வழியைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். நான் தாள் வேலையும் சாப்பாடும் மட்டும் சொல்கிறேன்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் விசா வேண்டாம், ஆனால் என்இசட்இடிஏ என்ற மின்னணு அனுமதி கட்டாயம். அரசாங்கச் செயலியில் எடுத்தால் ஆளுக்கு 17 நியூசிலாந்து வெள்ளி (டாலர்), இணையப் பக்கத்தில் 23. அதோடு சுற்றுலா வரி ஆளுக்கு 100 வெள்ளி, பிள்ளைகளுக்கும் உண்டு. இரண்டு ஆண்டு செல்லும். கிடைக்க 72 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால் சாங்கி விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு போடக்கூடாது. தேடிப் பார்த்தால் அரசாங்கப் பக்கம் மாதிரியே தோற்றம் வைத்து மூன்று மடங்கு வாங்கும் இடைத்தரகர் பக்கங்கள் மேலே வரும், பார்த்துச் செய்யுங்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு இது எதுவும் பொருந்தாது. சிங்கப்பூரில் நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முழு விசிட்டர் விசா. முதலில் அதைப் போடுங்கள், கையில் வந்தபிறகு திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பாவது போட்டுவிட வேண்டும். திருமணச் சான்றிதழ் தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து ஏற்றுங்கள். தாள் குறைந்தால் திரும்பத் திரும்பக் கேட்டுக் கடிதம் வரும், அதில்தான் நாள் ஓடும். விலை குறைவு என்று ஆஸ்திரேலியா வழியாக டிக்கெட் எடுத்தால் அவருக்கு அங்கே இடைமாற்ற விசாவையும் பார்க்க வேண்டிவரும். நேரடி விமானத்தில் அந்தத் தலைவலி இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் பயணி அறிவிப்புப் படிவத்தை நான்கு பேருக்கும் நிரப்புங்கள். அது இலவசம். அதில்தான் சாப்பாட்டுக் கேள்வி வரும், நம் ஆட்கள் மாட்டுவதும் அங்கேதான். விதி ஒன்றே ஒன்று: சந்தேகம் என்றால் "ஆம்" என்று போடுங்கள். சொல்லிவிட்டுக் காட்டினால், மிஞ்சிப்போனால் பொருளை எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் வைத்திருந்து பிடிபட்டால் அங்கேயே 400 வெள்ளி அபராதம். மகன் பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கும் அதே 400தான்.

கொண்டுபோகவே கூடாதவை: பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய், தேன், முளைக்கிற விதை. கோயிலுக்குப் போய்வந்த கையோடு கிளம்புகிறவர்கள் பையைத் துழாவிப் பாருங்கள். பிரசாதத் தேங்காய், பூ, மாவிலை எல்லாம் எங்காவது ஒரு மடிப்பில் கிடக்கும். வீட்டில் அரைத்த சாம்பார்ப் பொடியை டப்பாவில் போட்டுக் கொண்டுபோனால் அதிகாரிக்கு அது என்னவென்றே தெரியாது, பெயர்ச்சீட்டும் இல்லை, அவர் எடுத்து வீசினாலும் தப்பில்லை. இங்கே தேக்கா கடைகளிலேயே பொருள்பட்டியல் அச்சிட்ட பாக்கெட்டாக, பிரிக்காததாக வாங்கிக்கொள்ளுங்கள். நெய், பால்பொடி இங்கேயே இருக்கட்டும், பால் பொருளுக்கு எந்த நாட்டில் செய்தது என்று கேள்வி வரும். நியூசிலாந்துக்கு வெண்ணெய் சுமப்பானேன்!

சப்பாத்தும் (காலணி) கூடாரமும் அந்தப் படிவத்திலேயே தனிக் கேள்வி. இங்கே மெக்ரிட்சி காட்டுப்பாதையில் பயிற்சி நடந்த மண்ணோடு பெட்டியில் வைத்தால் அங்கே நிறுத்திக் கழுவ வைப்பார்கள். பழைய பல்துலக்கியால் அடிப்பள்ளங்களைத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, பெட்டியில் மேலாக வையுங்கள், கேட்டதும் எடுத்துக் காட்ட வசதி.

பாதையில் சைவச் சாப்பாடு: ஆளுக்கு நாளொன்றுக்கு உலர்ந்த எடையாக 600–700 கிராம். காலைக்கு ஓட்ஸ், மதியத்துக்கு அடுப்பு மூட்டாமல் சப்பாத்தி ரோலும் வேர்க்கடலை வெண்ணெயும், இரவுக்கு உடனடி நூடுல்ஸோ கஸ்கஸோ, அதில் பருப்புப்பொடி. அரிசி வேண்டாம், எரிவாயுவைத் தின்னும். பெரிய வாங்கலை கிறைஸ்ட்சர்ச்சில் முடியுங்கள், அங்கே இந்திய மளிகைக் கடைகள் உண்டு. ஓபனில் ஒரே ஒரு மளிகைக் கடைதான், விட்டதை வாங்கலாம், வாரச்சந்தை மாதிரி நினைத்துப் போகக்கூடாது.

---

ஈரச்சட்டை:

சாமான் பற்றி.

சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பெய்வது 2,100 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். மில்ஃபோர்டில் 6,000-ஐத் தாண்டும். ஆகவே "மழை வந்தால் என்ன செய்வது" என்ற கேள்வியே தேவையில்லை, வரும். மழை பெய்தால் மில்ஃபோர்டை ரத்து செய்யாதீர்கள். வறண்ட நாளில் ஸ்டிர்லிங், லேடி போவன் என்று ஒருசில அருவிகள்தான். கொட்டும் நாளில் பாறைச்சுவர் முழுக்க வெள்ளிக்கோடாக நூற்றுக்கணக்கில் இறங்கும். சாலை மூடினால் மட்டும்தான் விடவேண்டும். உதிரி நாள் வைத்திருப்பது அதற்குத்தான்.

பருத்திச் சட்டை, ஜீன்ஸ் கூடாது. பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காற்று அடித்ததும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். 12 வயதுப் பிள்ளைக்கு உடம்பு சிறியது, நம்மைவிடச் சீக்கிரம் குளிரெடுக்கும். உள்ளே மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ ஒன்று, நடுவில் ஃபிளீஸ், வெளியே தையலில் நாடா ஒட்டிய மழைச்சட்டை. கடைசியில் சொன்னதுதான் காசு போட வேண்டியது. குடை வேண்டாம், காற்றில் கம்பிதான் மிஞ்சும். உலர்ந்த ஒரு ஜோடி உடுப்பும் காலுறையும் குடிலுக்கு மட்டும் என்று தனியாகக் கட்டி வையுங்கள். மறுநாள் காலை ஈரத்தையே திரும்பப் போட்டுக்கொள்ள மனம் வராது, ஆனாலும் போடத்தான் வேண்டும். இல்லையென்றால் இரண்டும் நனைந்துவிடும்.

முதுகுப்பைக்கு வெளியே போடும் மழை உறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள்.

எடை: பெரியவர்களுக்கு 12 கிலோ, மகளுக்கு 7–8, மகனுக்கு 4–5. மகன் தூங்கும் பையும் உடுப்பும் தண்ணீரும் சுமக்கட்டும், சாப்பாடு உங்களுக்கு.

அடுப்பு கட்டாயம். கெப்ளர் போன்ற பாதைகளில் பருவகாலத்தில் குடிலில் எரிவாயு அடுப்பு இருக்கும். ரக்கியூராவில் சமைக்க எதுவும் கிடையாது. மெத்தை, விறகுக் கணப்பு, மழைத்தண்ணீர்த் தொட்டி, வெளியே கழிப்பறை, அவ்வளவுதான். கெப்ளர் நினைப்பில் அடுப்பில்லாமல் வருகிறவர்கள் இரண்டு நாள் நூடுல்ஸைப் பச்சையாகக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நான்கு பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 லிட்டர் கொதிக்க வைக்க வேண்டிவரும், லிட்டருக்கு 12 கிராம் எரிவாயு என்று வைத்தால் இரண்டு நாளுக்கு 150 கிராம். காற்றில் இன்னும் கூடுதலாக எரியும். 230 கிராம் குப்பி ஒன்று, அவசரத்துக்கு 100 கிராம் குப்பி ஒன்று போதும். விமானத்தில் கைப்பையிலும் பெட்டியிலும் குப்பி கூடாது, அங்கே போய் வாங்குங்கள். அடுப்பை மட்டும் இங்கிருந்து கொண்டுபோகலாம், எரிபொருள் வாடை இல்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். மின்சேமிப்புக் கலம் (பவர் பேங்க்) கைப்பையில்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரலிலிருந்து விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் அனுமதியில்லை.

மணல் ஈ. கொசு மாதிரி ரீங்காரம் கிடையாது. கறுப்பாக, சின்னதாக, வந்து உட்கார்ந்ததே தெரியாது. காலுறைக்கும் காற்சட்டைக்கும் நடுவில் விரலகலத் தோல் தெரிந்தால் போதும், வரிசையாக உட்கார்ந்துவிடும். கடித்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தப் புள்ளி நிற்கும், அரிப்பு அன்றிரவுதான் தொடங்கும், ஒரு வாரம் விடாது. காற்று வீசினாலும் நடந்துகொண்டிருந்தாலும் தொந்தரவு குறைவு, இருட்டியதும் போய்விடும். நின்று படம் எடுக்கும்போதுதான் மொய்க்கும். பிகாரிடின் அல்லது டீட் கலந்த பூச்சிவிரட்டித் தைலம், வெளிர்நிற நீளக் காற்சட்டை, அரிப்பு மாத்திரை. வேப்பெண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் என்று நம்பிப் போகாதீர்கள், அரைமணி நேரம்கூடத் தாங்காது.

வெயிலும் லேசுப்பட்டதல்ல. காற்று குளிர்வதால் சுடுவது தெரியாது, ஆனால் அங்கே கோடையில் புற ஊதா மிகக் கடுமை. நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்பது கதை.

---

மேப்பு மணி:

குறுக்கே ஒரு கருத்து. 12 வயதுப் பையன் இதுவரை சேர்ந்தாற்போல் எவ்வளவு நடந்திருக்கிறான்? ரக்கியூராவில் முதல் நாள் லீ பே-யிலிருந்து போர்ட் வில்லியம் குடில் வரை கடற்கரையோரம், சுலபம். இரண்டாம் நாள்தான் உரைகல்: 13 கி.மீ., ஆறு மணி நேரம், நடுவில் 300 மீட்டர் அளவு ஏற்றம். புக்கிட் தீமா மலையே 163 மீட்டர்தான். அதை இரண்டு தடவை ஏறுவது என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பையோடு, காட்டு வேர்கள் மேல், சேற்றில். பாதையின் பெரும்பகுதி சரளையும் மரப்பலகையும் போட்டது, இருந்தாலும் ஈரப்பலகை வழுக்கும்.

இப்போதே தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு நாள் வீவக அடுக்குமாடி புளோக் படிக்கட்டு, பையில் தண்ணீர் புட்டிகளோடு. ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள், முட்டி வலி அதில்தான் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெக்ரிட்சியில் 11–12 கி.மீ. அக்டோபரில் அவன் முகம் சுளிக்காமல் அதை முடித்தால் குடிலைப் பதிவு செய்தது சரி. முடியவில்லை என்றால் ஓபனில் தங்கி, பக்கத்திலுள்ள உல்வா தீவும் (பறவைச் சரணாலயம்) பகல்நேர நடைகளுமாக மூன்று நாளை ஓட்டலாம், ஒன்றும் குறைந்துபோகாது.

உல்வாவுக்குப் போகும்போது பையைப் பிரித்து உதறிப் பாருங்கள், எலி, விதை ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. அங்கே எலியை ஒழிக்க ஆண்டுக்கணக்கில் பாடுபட்டிருக்கிறார்கள். படகு பத்து நிமிடம்தான்.

---

பொங்கோல்வாசி:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. நவம்பர் கடைசிக்கு மாற்றிவிட்டேன், குவீன்ஸ்டவுன் அவுட். மகள் இரண்டு நாளாகப் பேசவில்லை.

இன்னும் மூன்று சந்தேகம். (1) கப்பல் பயத்துக்கு இன்வர்கார்கில்–தீவு சிறு விமானம் எடுத்தால் தேவலையா? (2) பாதையில் சிக்னல் இல்லையென்றால் ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? (3) தெ ஆனாவில் உதிரி நாளில் வானம் தெளிவாக இருந்தால் என்ன செய்யலாம்?

---

நடைப்பித்தன்:

(1) விமானம் 20 நிமிடம், வாந்தி இல்லை. ஆனால் ஆளுக்கு 15 கிலோதான் சாமான், எரிவாயுக் குப்பியை ஏற்ற மாட்டார்கள். மேகம் தாழ்ந்தால் அதுவும் நிற்கும். கப்பலை நிறுத்தும் காற்றும் விமானத்தை நிறுத்தும் மேகமும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை என்பதால் ஒன்று நின்றால் மற்றதைக் கேட்டுப் பாருங்கள். போகும்போது கப்பல், குப்பியோடு. திரும்பும்போது எரிவாயு தீர்ந்திருக்கும், விமானம் மாற்று வழியாக இருக்கட்டும். கப்பலுக்குக் குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், ஆட ஆரம்பித்தபிறகு போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். பின்பக்கம், நடுவில், கண்ணுக்குத் தொடுவானம் தெரியும்படி உட்காருங்கள்.

(2) பிஎல்பி என்ற அவசர ஒலிபரப்பிக் கருவியை வாடகைக்கு எடுங்கள். செயற்கைக்கோளுக்கு 406 மெகாஹெர்ட்ஸில் செய்தி போகும், மாதக் கட்டணம் கிடையாது. தெ ஆனாவ், இன்வர்கார்கில் கடைகளில் கேளுங்கள், திருப்பிக் கொடுக்கும் இடத்தையும் சேர்த்துக் கேளுங்கள், நீங்கள் தெ ஆனாவுக்குத் திரும்பப் போவதில்லை. பையின் அடியில் திணிக்காமல் தோள்பட்டைப் பக்கம் வையுங்கள். உயிருக்கு ஆபத்து, அல்லது நகரவே முடியாத காயம் என்றால் ஆண்டெனாவை நிமிர்த்தி, வானம் தெரியும் இடத்தில் அழுத்திவிட்டு, அங்கேயே இருங்கள். வழி தவறிவிட்டோமோ என்று பதறி அழுத்துவதற்கல்ல. இது தவிர, சிங்கப்பூரில் ஒருவரிடம் எந்தக் குடிலில் எந்த இரவு, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். குடில் பதிவு செய்திருக்கிறோமே, நாம் வராததை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணாதீர்கள். அதை யாரும் கண்காணிப்பதில்லை. சிக்னல் இருக்கும் இடத்தில் அவசர எண் 111.

விபத்துக் காயத்துக்கு அங்கே ஏசிசி என்ற அரசு ஏற்பாடு சுற்றுலாக்காரர்களுக்கும் உதவும். காய்ச்சல், நெஞ்சுவலிக்கு உதவாது, சிங்கப்பூருக்குத் திரும்பும் செலவும் அதில் வராது. காப்பீடு எடுக்கும்போது கார் ஒப்பந்தத்தின் தன்பங்குத் தொகை (சேதமானால் நாம் கட்ட வேண்டிய பங்கு) அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். சரளைச் சாலை, காற்றில் மடங்கிய கார்க் கதவு இரண்டும் பல வாடகை ஒப்பந்தங்களில் விலக்கு. டெகாப்போ பக்கம் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டே திறக்கச் சொல்லுங்கள் பிள்ளைகளை.

(3) கெப்ளர் பாதையில் லக்ஸ்மோர் குடில் வரை ஏறி இறங்கலாம், மரக்கோட்டுக்கு மேல் வந்ததும் ஏரி முழுக்கக் கீழே விரியும். ஆனால் அது எட்டு மணி நேர வேலை. பிராட் பே வரை ஏரியில் படகில் போய், அங்கிருந்து ஏறினால் தட்டையான பகுதி மிச்சமாகும். மகன் களைத்துவிடுவான் என்று தோன்றினால் ஏரிக்கரையிலேயே கெப்ளரின் தொடக்கத்தில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்புங்கள். மூன்று நாளில் ரக்கியூரா வருகிறது.

---

ஈரச்சட்டை:

ஒன்று விட்டுப்போனது. தீவில் கிவிப் பறவை சில சமயம் பகலிலேயே நடமாடும், ஆனால் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். நவம்பர் கடைசியில் அங்கே இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், பிள்ளைகளை மதியம் தூங்க வைத்தால்தான் விழித்திருப்பார்கள். நெற்றி விளக்கில் சிவப்பு வெளிச்சம் மட்டும், படத்துக்கு ஃபிளாஷ் கூடாது. இலைச்சருகில் யாரோ கனமாக மூச்சுவிட்டுக் கிளறுவதுபோல் சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள். கடற்கரையில் கடற்சிங்கம் படுத்திருந்தால் 20 மீட்டர் தள்ளி. கல் மாதிரிக் கிடக்கும், எழுந்தால் நம்மைவிட வேகம்.

---

தேக்கா அக்கா:

மகளிடம் சொல்லுங்கள், ஓபனிலும் கைபேசி சிக்னல் உண்டு, படம் போட்டுக்கொள்ளலாம்.

தம்பி, 12-ஆம் நாள் பிற்பகல் கப்பலைப் பதிவு செய்யாதீர்கள், காலைக் கப்பலாகப் பாருங்கள். காலையில் நின்றால் பிற்பகலுக்கு மாறலாம். பிற்பகலில் நின்றால் மறுநாள்தான், 13-ஆம் நாள் உள்நாட்டு விமானம் போய்விடும். அந்த விமானத்தையும் மாலை நேரத்துக்குப் போடுங்கள். விசா மனுவில் பயணத் தேதி எழுதுவதற்கு முன் குடில் பதிவுப் பக்கத்தில் 9, 10-ஆம் நாள் இரவுகளுக்கு நான்கு படுக்கை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலிரவு போர்ட் வில்லியம், இரண்டாம் இரவு நார்த் ஆர்ம். ஒன்றில் மூன்றுதான் இருக்கிறது என்றால் எல்லாத் தேதியையும் ஒரு நாள் தள்ளுவது இப்போது சுலபம்.